சிக்னலை எடுத்துவிட்ட சந்திப்பில் நடந்து கடப்பவர் எப்போது கடப்பது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2022 வாக்கில் தொடங்கி நம் கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்திவிட்டு, நேர்க்குறுக்கே போகும் வழியை மீடியன் என்னும் நடுத்தடுப்பால் அடைத்து, சற்றுத் தள்ளி யு-டர்ன் திறந்துவிட்டிருப்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். லாலி ரோட்டிலும் சுங்கத்திலும் ரவுண்டானா வந்தது. வண்டிகள் முன்பு போல நீண்ட வரிசையில் நிற்பதில்லை என்பதை நானும் கண்ணால் பார்க்கிறேன். ஸ்கூட்டரில் போகும் நாட்களில் அதன் பலன் எனக்கும் கிடைக்கிறது. ஆகவே அந்த முடிவை எடுத்தவர்கள் மீது குறை சொல்வதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. அதே சாலையை நடந்து கடப்பவரின் நிலையைப் பற்றி மட்டும் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள சந்திப்பின் பெயரை இங்கே எழுதவில்லை. பக்கத்துக்கு மூன்று வரிசைகள், நடுவில் ஒல்லியான மீடியன். என் அம்மாவுக்கு 71 வயது. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருப்பதால் வாரம் மூன்று நாள் எதிர்ப்பக்கம் உள்ள பிசியோதெரபிக்குப் போய்வர வேண்டும். சிக்னல் இருந்த காலத்தில் சிவப்பு விழுந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடப்பேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை போய்ச் சேர ஏறத்தாழ 28 நொடி ஆகும். வண்டிகளுக்குச் சிவப்பு அதைவிட அதிக நேரம் இருந்ததால் ஒருநாளும் பதற்றப்பட்டதில்லை.

கடந்த வியாழக்கிழமை மாலை 6.40 மணிக்கு அதே இடத்தில் நின்றோம். இடைவெளி வரும் வரும் என்று நான்கு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, ஒரு லாரியும் அதன் பின்னால் வந்த பேருந்தும் வேகம் குறைத்த நேரத்தில் இறங்கினோம். பேருந்தின் மறைவிலிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்த பையன் பிரேக் பிடித்துவிட்டான். பின்சக்கரம் இழுபட்டுப் பக்கவாட்டில் திரும்பி, அம்மாவின் மஞ்சள் பையில் கைப்பிடி உரசி நின்றது. அவனுக்கும் கை நடுங்கியதைப் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "இனி பிசியோதெரபி வேண்டாம், வீட்டிலேயே காலை நீட்டி மடக்கிக்கொள்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. சாலையைக் கடக்க அஞ்சி ஒருவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், அவர் எந்த விபத்துக் கணக்கிலும் வரமாட்டார். அந்தச் சந்திப்பு பாதுகாப்பானது என்றே ஏட்டில் பதிவாகும். சிக்னலைத் திரும்பக் கொண்டுவரக் கேட்பதா, அல்லது யு-டர்னை வைத்துக்கொண்டே நடப்பவருக்கு வேறு ஏற்பாடு கேட்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தினப்பயணி எழுதியது:

அக்கா, உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் நிம்மதி. நான் எதிர்த்தரப்பில் இருப்பவன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பிரதிநிதியாக நாள் முழுவதும் காரில் சுற்றுகிறேன். முன்பு ஒரே சந்திப்பில் மூன்று முறை சிவப்பு விழுந்து, நான்காவது பச்சையில்தான் கடந்த நாட்கள் உண்டு. இன்று அதே தூரத்தை நிற்காமல் போகிறேன். எரிபொருளும் புகையும் குறைந்திருக்கின்றன. நின்று நின்று போகும்போது வரும் எரிச்சல் தணிந்ததும் பாதுகாப்பில் சேர்ந்ததுதானே? போதாததற்கு அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலமும் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். நெடுந்தூர வண்டிகள் மேலே போய்விடுகின்றன. கீழே ஓடும் வண்டி குறைந்தால் கடப்பதும் தானாகவே எளிதாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: சிக்னல் இருந்தபோது மட்டும் எல்லோரும் அதை மதித்தார்களா?

வெள்ளைக்கோடு எழுதியது:

சாலைப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல் வண்டிகளை நிறுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது வண்டிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்தும் அனுப்புகிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பச்சை விழுந்ததும் முப்பது நாற்பது வண்டிகள் ஒரு கூட்டமாகப் புறப்பட்டுப் போகும்; அந்தக் கூட்டம் கடந்த பின் சாலை சிறிது நேரம் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமைதான், சிக்னலே இல்லாத அடுத்த தெருமுனையில் நிற்கிறவருக்கும் கடக்க வழி கொடுத்துவந்தது. ஒரு சாலையில் வரிசையாக நான்கு சிக்னல்களை எடுத்தால் அந்த நான்கு சந்திப்புகளோடு பாதிப்பு முடிவதில்லை. இடையில் உள்ள பள்ளி வாசல், கோயில், பேருந்து நிறுத்தம் எல்லாவற்றின் முன்னாலும் இருந்த இடைவெளிகள் கரைந்து, வண்டிகள் நூலில் கோத்தது போல ஓயாமல் வருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்துச் சாலையில் மணிக்கு 1,800 வண்டிகள் வருவதாகக் கொள்ளுங்கள். மாலை நேரத்தில் மூன்று வரிசைச் சாலைக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை. சராசரியாக இரண்டு நொடிக்கு ஒரு வண்டி. வரிசை ஒன்றுக்கு 3.5 மீட்டர் வீதம் 10.5 மீட்டர் அகலம். பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் நடைவேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்பதால், திடமான ஒருவருக்கு 9 நொடி இடைவெளி வேண்டும். வண்டிகள் ஒழுங்கின்றித் தற்செயலாக வருகின்றன என்று கொண்டால், அப்படிப்பட்ட இடைவெளி மணிக்கு 20 முறை கிடைக்கும். அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒன்று. சகோதரியின் அம்மா, இரண்டு பக்கமும் மீடியனும் சேர்ந்த 22 மீட்டரை 28 நொடியில் கடந்திருக்கிறார் என்றால் அவருடைய வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். அவருக்கு ஒரு பக்கத்தைக் கடக்க மட்டுமே 13 நொடி தேவை. அவ்வளவு நீண்ட இடைவெளி மணிக்கு ஏறக்குறைய மூன்று முறைதான் வரும். நடைவேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்குக் கிடைக்கும் வாய்ப்பு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நான்கு நிமிடம் நின்றது அவருடைய பொறுமைக் குறைவோ துரதிர்ஷ்டமோ இல்லை. அந்தச் சாலையின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

தினப்பயணி தம்பிக்கு ஒரு சொல். மேம்பாலத்தால் கீழே வண்டி குறையும் என்பது சரிதான். ஆனால் வண்டி குறைந்தால் வேகம் கூடும். மேலும், மேம்பாலச் சாலைகளில் மீடியனில் தூண்கள் நிற்கின்றன. தூணின் மறைவிலிருந்து இறங்கும் ஒருவரைக் கார் ஓட்டுநர் கடைசி நேரத்தில்தான் பார்ப்பார். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், கண்ணில் பட்டு, கால் பிரேக்கை அழுத்தி, முழுமையாக நிற்பதற்குள் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் 13 அல்லது 14 மீட்டரில் நின்றுவிடும். தூணருகே கடக்குமிடம் வைக்கும்போது இந்த இரண்டு எண்களும் நினைவில் இருக்க வேண்டும்.

சிக்னலைத் திரும்பக் கேட்பது ஒரு வழி. நான் கேட்கச் சொல்வது, நடப்பவர் பொத்தானை அழுத்தினால் மட்டும் வண்டிகளுக்குச் சிவப்பு விழும் சிக்னலை. பிரிட்டனில் 1969-இலேயே பெலிக்கன் என்ற பெயரில் வந்த ஏற்பாடு இது. யு-டர்ன் அப்படியே இருக்கலாம்.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

நடப்பவரைப் பற்றிப் பேசும் இழையில் சைக்கிளைப் பற்றியும் எழுத அனுமதி வேண்டும். நான் பவுண்டரியில் வேலை செய்கிறேன். இருபது ஆண்டுகளாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். வீட்டுத் தெருவிலிருந்து வந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். சிக்னல் இருந்தபோது சிவப்பில் வண்டிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பச்சை விழுந்ததும் எல்லோருடனும் சேர்ந்து திரும்பிவிடுவேன். இப்போது முதலில் இடப்பக்கம் திரும்பி, 350 மீட்டர் போய், யு-டர்ன் எடுத்து, அதே 350 மீட்டர் திரும்பி வர வேண்டும்.

கூடுதல் 700 மீட்டரை மிதிக்க எனக்கு மூன்றரை நிமிடம் ஆகிறது. அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. யு-டர்ன் மீடியனை ஒட்டி, அதாவது சாலையின் வலது ஓரத்தில் இருக்கிறது. சைக்கிள் ஓட வேண்டிய இடமோ இடது ஓரம். ஆகவே அந்த 350 மீட்டருக்குள் மூன்று வரிசைகளையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே தாண்டி, வலது ஓரத்துக்கு வந்து சேர வேண்டும். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் என்னைவிட நான்கு மடங்கு வேகத்தில் வருகிறார்கள். கையை நீட்டிக் காட்டலாம். காட்டும்போது ஒரு கையால்தான் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியும். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் அந்தப் பக்கம் சாய்கிறது. இரவுப் பணி முடிந்து வரும்போது முகப்பு விளக்குகளின் வெளிச்சத்தில் எது தூரம், எது பக்கம் என்று கணிக்கவே முடிவதில்லை.

எங்கள் பகுதியில் சைக்கிள்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியுமா? இடப்பக்கம் திரும்புவதே இல்லை. ஓரமாகவே எதிர்த்திசையில் ஓட்டிப்போய், மீடியன் முடியும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறார்கள். எதிர்த்திசையில் போவது தவறு என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு முறை அப்படிப் போனேன், எதிரே வந்த ஆட்டோக்காரர் திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மூன்று வரிசையைக் குறுக்கே வெட்டுவதைவிட அதில் உயிர்ப் பயம் குறைவாக இருக்கிறது என்பதால்தான் மக்கள் அதைச் செய்கிறார்கள். சாலையை அமைக்கும்போது சைக்கிளுக்கு ஒரு வழி வைத்திருந்தால் இந்தத் தவறுக்கு வேலையே இருந்திருக்காது.

ஐயா சொல்லும் பொத்தான் சிக்னல் வந்தால் நாங்களும் இறங்கித் தள்ளிக்கொண்டு அதிலேயே கடந்துவிடுவோம். ஒரு வேண்டுகோள்: மீடியனில் நிற்கும் இடம் சைக்கிளின் நீளத்துக்காவது இருக்கட்டும். என் சைக்கிள் ஆறடி. நான்கு அடி மீடியனில் அதை நிறுத்தினால் முன்சக்கரமோ பின்சக்கரமோ சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும்.

தினப்பயணி எழுதியது:

அண்ணா, எதிர்த்திசையில் வருபவர்களைப் பார்த்து நானே பல முறை கோபப்பட்டிருக்கிறேன். யு-டர்னுக்கு வலது ஓரம் வர வேண்டியிருக்கிறது என்ற கோணத்தில் யோசித்ததில்லை.

இருந்தாலும் கேட்கிறேன். சாலையில் வண்டியை நிறுத்தாமல் நடப்பவருக்கு வழி செய்ய நடைமேம்பாலம் இருக்கிறதே? லிப்ட்டும் வைத்துக் கொடுத்தால் இரண்டு தரப்புக்கும் நல்லதுதானே?

ஒலிவழி எழுதியது:

நடைமேம்பாலம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. வங்கியில் பணிபுரிகிறேன், தினமும் தனியாகவே போய்வருகிறேன்.

படியேறுவது எனக்குச் சிரமமில்லை. படி எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். அதன் அடியில் பைக்குகள் நிற்கும், இளநீர்க் கடை இருக்கும், மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று விலகியிருக்கும். லிப்ட் இருந்தாலும் அது ஓடுகிறதா என்பதை அருகில் போய்க் கதவைத் தடவிப் பார்த்த பிறகே அறிய முடியும். ஓடவில்லை என்றால் வந்த வழியே திரும்ப வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் என் தோழிக்கு அந்த ஒருநாள் பழுது என்பது அன்றைய சம்பளம் போவது. எனக்குத் தெரிந்தவரை, நடப்பவருக்கான வசதிகள் பற்றி இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டுதலும் கூடுமானவரை சாலை மட்டத்திலேயே கடக்க வழி செய்யத்தான் சொல்கிறது.

சிக்னல் இருந்தபோது நான் எப்படிக் கடந்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்று புரியும். விளக்கு எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கி, இஞ்சின்கள் ஓரிடத்தில் நின்று உறுமும். அதே நேரத்தில் பக்கவாட்டுச் சாலையின் வண்டிகள் என் தோளுக்கு இணையாகக் கிளம்பும். அந்த இரண்டு ஓசையும் சேர்ந்து வந்தால் எனக்குப் பச்சை. வெள்ளைக்கோலை முன்னால் நீட்டி, இணையாக ஓடும் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டே நேராக நடந்துவிடுவேன். சிக்னலை எடுத்த பிறகு ஓசை அடங்குவதே இல்லை. எந்தத் திசை நேர்த்திசை என்பதற்கான அடையாளமும் போய்விட்டது. மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிய பிறகு இடைவெளி என்று நினைத்து இறங்கும் இடத்தில் ஓசையில்லாமல் ஒன்று வந்து நிற்கிறது.

பொத்தான் சிக்னல் கேட்பதானால் அதோடு ஓசை எழுப்பும் கருவியும், கம்பத்தருகே தரையில் புள்ளி மேடிட்ட ஓடுகளும் சேர்த்தே கேளுங்கள். பிறகு தனியாகப் பொருத்தலாம் என்றால் அந்தப் பிறகு வருவதில்லை.

நகரப்பேருந்து எழுதியது:

டவுன் பஸ் ஓட்டுகிறேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிவதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

நின்றபடி நாற்பது பேர் பயணம் செய்யும் பேருந்தில் நான் பிரேக்கைச் சட்டென்று அடித்தால், சாலையில் ஒருவரைக் காப்பாற்றும் அதே நேரத்தில் உள்ளே பத்துப் பேர் கீழே விழுவார்கள். கம்பியில் பல் உடைந்த பாட்டியைப் பார்த்திருக்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறோம். சிக்னல் என்றால் தூரத்திலேயே விளக்கைப் பார்த்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவாக வந்து நிற்பேன். மீடியன் செடிக்குள்ளிருந்து ஒருவர் திடீரென்று தலைநீட்டினால் அந்த அவகாசம் எனக்குக் கிடையாது. எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஓட்டுநருக்கும் நல்லது. சிவப்பு விளக்கால் வரும் தாமதத்தைப் பற்றிப் பேருந்து ஓட்டுநர்கள் குறைபட்டு நான் அதிகம் கேட்டதில்லை. குறுக்கே வருகிறவர்களைப் பற்றித்தான் ஓய்வறையில் பேச்செல்லாம்.

நிறுத்தம் அமைந்திருக்கும் இடமும் முக்கியம். கடக்குமிடத்துக்கு முன்னால் நிறுத்தம் இருந்தால், இறங்கியவர்கள் என் பேருந்தின் மூக்குக்கு முன்னாலேயே கடக்கத் தொடங்குவார்கள். நான் நின்றுகொண்டிருப்பேன், ஆனால் வலப்பக்கமாக என்னை முந்திவரும் பைக்குக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், அவர்களுக்கும் பைக் தெரியாது. நொய்யல்கரை அம்மா எழுதியது அதே நிகழ்வுதான். கடக்குமிடத்தைத் தாண்டிய பிறகு நிறுத்தம் இருந்தால், இறங்கியவர்கள் பேருந்தின் பின்புறமாக வந்து கடப்பார்கள். பின்னால் வரும் வண்டிக்காரர்களுக்கு அவர்கள் தெளிவாகத் தெரிவார்கள். நிறுத்தத்தின் நிழற்குடையை முப்பது மீட்டர் தள்ளி வைக்கும் செலவுதான்.

முன்னாள் தலைமைக்காவலர் எழுதியது:

பணிக்காலத்தில் பதினோரு ஆண்டுகள் சந்திப்பில் நின்றவன். சிக்னல்களை எடுத்ததற்கான காரணத்தையும் பதிவு செய்கிறேன். நான்கு பக்கமும் வண்டி நிரம்பிய சந்திப்பில் ஒரு சுற்று முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் கையால் அனுப்ப வேண்டும். வண்டிகளின் எண்ணிக்கைக்கு அந்த முறை தாங்கவில்லை.

சிக்னலை மதித்தார்களா என்று தினப்பயணி கேட்டிருந்தார். மஞ்சள் விழுந்ததும் வேகத்தைக் கூட்டுகிறவர்கள், நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஜீப்ரா கோட்டின் மேல் முன்சக்கரத்தை ஏற்றி நிற்கிறவர்கள் என்று எல்லோரையும் பார்த்திருக்கிறேன். பைக்குகள் அப்படி நிறைத்துவிட்டால் நடப்பவர் சந்திப்பின் நடுப்பக்கமாக இறங்கித்தான் சுற்றிப் போக முடியும். ஆனாலும் என் அனுபவத்தில் சிவப்பு விளக்குக்கு நிற்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருப்பார்கள். விளக்கில்லாத வெறும் ஜீப்ரா கோட்டுக்கு நிற்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடக்குமிடத்தில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பைத் தாண்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்ற 184-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே வந்துவிட்டது. சிவப்பைத் தாண்டினால் கேமரா படம் பிடிக்கும். வழிவிடாமல் போனதை எந்தக் கேமரா எப்படிப் பிடிக்கும்? அதனால்தான் நானும் விளக்கைக் கேட்கச் சொல்கிறேன்.

கோவைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-இல் பொதுநல வழக்குத் தொடுத்தவர் நம் ஊர் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2025 அக்டோபரில், நடைபாதைகளையும் கடக்குமிடங்களையும் தணிக்கை செய்யவும், மோட்டார் வாகனச் சட்டத்தில் நடப்பவர் பற்றிய 138(1ஏ), சாலை வடிவமைப்புத் தரம் பற்றிய 210டி ஆகிய பிரிவுகளின் கீழ் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிகாரிகளுக்கு மனு எழுதுவதானால் அதில் இதைக் குறிப்பிடுங்கள்.

தினப்பயணி எழுதியது:

ஐயா, பொத்தான் சிக்னல் வைத்தால் ஆள் வர வர அழுத்திக்கொண்டே இருப்பார்கள். வண்டி மறுபடியும் நின்று நின்றுதான் போகும். பழைய சிக்னலை வேறு பெயரில் கேட்பது போல் ஆகிவிடாதா? வாக்குவாதத்துக்காகச் சொல்லவில்லை, மனு கொடுக்கும் இடத்திலும் இதே கேள்வியை யாராவது கேட்பார்கள்.

வெள்ளைக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி, தம்பி. பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விழாது. முந்தைய சிவப்புக்குப் பிறகு குறிப்பிட்ட நேரம் வண்டிகளுக்குப் பச்சை கிடைத்த பிறகே அடுத்த சிவப்பு விழும். இருபது பேர் அழுத்தினாலும் ஒரே சிவப்புதான். யாருமே வராத நள்ளிரவில் சிவப்பே விழாது. பழைய சிக்னலில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டியிருந்தது.

எவ்வளவு தாமதம் என்றும் பார்த்துவிடுவோம். கடப்பதை இரண்டு பகுதியாகப் பிரித்து, மீடியனில் நின்று மறுபக்கத்துக்குத் தனிப் பொத்தான் வைத்தால், ஒரு பக்கத்தை அடைக்க 20 நொடி போதும்: இறங்கத் தொடங்க 7 நொடி, அந்த அம்மாவின் நடைக்கு 13 நொடி. 120 நொடிக்கு ஒருமுறை இந்தச் சிவப்பு விழுந்தால், ஆறு வண்டியில் ஒன்றுதான் அதில் மாட்டும். அதுவும் சராசரியாக 10 நொடி நிற்கும். எல்லா வண்டிகளுக்கும் பிரித்தால் தலைக்கு இரண்டு நொடிக்கும் குறைவு. வரிசை கலையும் நேரத்தையும் சேர்த்து நான்கு நொடி என்றே வையுங்கள். யு-டர்னால் உங்களுக்கு மிச்சமானது நிமிடக் கணக்கில்.

ஆனால் அந்த 120 நொடியை 180 ஆக்கிவிடக் கூடாது. காத்திருப்பு அரை நிமிடத்தைத் தாண்டினாலே நடப்பவர்கள் பொறுமை இழந்து இடைவெளி தேடத் தொடங்குவார்கள் என்பது போக்குவரத்துப் பொறியியலில் நெடுங்காலமாகக் கண்டறிந்த ஒன்று. கூட்டம் குறைந்த நேரத்தில் பொத்தானை அழுத்திய சில நொடிகளிலேயே சிவப்பு விழும்படி வைத்தால், மக்களுக்கு அந்தப் பொத்தான் மேல் நம்பிக்கை வரும். நம்பிக்கை போய்விட்டால் பலர் அழுத்தவே மாட்டார்கள், அழுத்தியவரும் காத்திருக்காமல் இறங்கிவிடுவார். அவர் கடந்து போன பிறகு அந்தச் சிவப்பு வெறும் சாலைக்கு விழுந்துகொண்டிருக்கும், ஓட்டுநர்களுக்கும் அதன் மீது மதிப்புப் போய்விடும்.

மீடியன் இடைவெளியை நேருக்கு நேர் வெட்டாமல், நடப்பவர் நடுவில் இடப்பக்கம் திரும்பி நான்கடி நடந்து பிறகு கடக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இரண்டாம் பாதியின் வண்டிகள் இடப்பக்கமிருந்து வருவதால், திரும்பி நடக்கும் அந்த நான்கடியில் அவற்றை நேருக்கு நேர் பார்த்தபடி நடப்பார். மீடியன் அகலம் குறைந்தது இரண்டு மீட்டர் இருந்தால் இரட்டைச்சக்கரம் கேட்டது போல சைக்கிளும் நிற்கும், சக்கர நாற்காலியும் திரும்பும். எங்கள் காலத்தில் மீடியனை முடிந்தவரை ஒல்லியாக்கி வண்டிக்கு இடம் தேடினோம். அப்படிச் செய்த வரைபடங்களில் சிலவற்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. இன்று அதற்காக வருந்துகிறேன்.

ரவுண்டானா உள்ள இடத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். கடக்குமிடத்தை வட்டத்தின் விளிம்பிலேயே வைக்காமல் ஒரு கார் நீளம் பின்னால் வைக்க வேண்டும். சாலையைச் சற்று உயர்த்தி நடைபாதை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் வண்டிகள் தாமாகவே வேகம் குறைத்து ஏறும். பல வரிசை ரவுண்டானாவில் இதுவும் போதாது, அங்கும் விளக்கு வேண்டியிருக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயாவின் கணக்கைப் படித்த பிறகு, சனிக்கிழமை காலை 8 முதல் 9 மணி வரை எங்கள் சந்திப்பில் நோட்டுப் புத்தகத்துடன் நின்று எண்ணினேன். என் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர், பெற்றோர் அனுமதியுடன், நடைபாதையில் நின்றபடி உதவினார்கள். ஒரு மணி நேரத்தில் 214 பேர் நடந்து கடந்தார்கள். அவர்களில் 61 பேர் பாதியில் ஓடினார்கள். மீடியனில் சிக்கி ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றவர்கள் 38 பேர். கடக்க வந்து, நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் 9 பேர். அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் முதியவர்கள். ஒரு மணி நேரம் மட்டும் எண்ணியது இது. இதை வைத்து ஊர் முழுவதற்கும் எதையும் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பிப் போனவர்களை இதுவரை யாரும் எண்ணியதாக எனக்குத் தெரியவில்லை.

2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ஐந்தில் ஒருவர் என்ற அந்த எண்ணையும் எங்கள் 214, 61, 38, 9 என்ற எண்களையும் ஒரே தாளில் எழுதி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறேன். கேட்பவை இவை: இரண்டு பகுதியாகக் கடக்கும் பொத்தான் சிக்னல்; 0.8 மீட்டர் நடைவேகத்துக்கு வைத்த நேரம். ஓசைக் கருவியும் தரை ஓடுகளும். இரண்டு மீட்டர் மீடியன். பேருந்து நிறுத்தத்தைக் கடக்குமிடத்துக்கு அப்பால் மாற்றுவது. 0.8 என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், 1.2 என்று வைத்தால் அம்மா நடுச்சாலையில் இருக்கும்போதே வண்டிகளுக்குப் பச்சை விழும்.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

அம்மா, மனுவில் சைக்கிள்களையும் எண்ணிச் சேர்க்க முடியுமா? பணிநேரம் மாறும் காலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் எண்ணினால்தான் எங்கள் ஆட்கள் கணக்கில் வருவார்கள். பள்ளி நேரத்தில் நாங்கள் உள்ளே வேலையில் இருப்போம்.

முன்னாள் தலைமைக்காவலர் எழுதியது:

இரவு 10 மணி எண்ணிக்கைக்கு மாணவிகளை அழைக்க வேண்டாம். நான் வருகிறேன். ஒளிரும் பட்டை வைத்த பழைய மேலங்கி என்னிடம் இரண்டு இருக்கிறது.

வெள்ளைக்கோடு எழுதியது:

அளவு நாடா என்னிடம் உண்டு. மீடியனின் சரியான அகலத்தையும், தூண் இருந்தால் அதிலிருந்து கடக்குமிடம் எவ்வளவு தூரம் என்பதையும் எடுத்து, கையால் ஒரு வரைபடம் போட்டுத் தருகிறேன். புதன்கிழமை காலை 5.45-க்கு, பிசியோதெரபி பக்கத்து நடைபாதையில் நிற்கிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

புதன் 5.45 சரி, ஐயா. அம்மாவிடம் சொன்னேன். அளவெடுக்கும்போது தானும் வந்து ஒருமுறை நடந்து காட்டுவதாகச் சொல்கிறார். அந்த நேரத்தில் வண்டி குறைவாக இருக்கும், தலைமைக்காவலர் ஐயாவும் உடன் இருந்தால் அழைத்து வருகிறேன். நொடிகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.